விலாசத்துக்கு விட்ட வெள்ளைக் கட்டம்

பொழிச்சலூர்
6-6-1993

பச்சை,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. கோபித்துக்கொண்டு அரக்கோணத்துக்குத் தம்பி வீட்டுக்குப் போனவள், வந்து சேர்ந்தேன் என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. சரி, அதை ஓரமாக வைத்துக்கொள்கிறேன்.

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. "எங்கனா வேலை கேட்டு ஒரு காகிதம் போடுங்க. போட்டாச்சுன்னு தெரிஞ்சாத்தான் இந்த வூட்டுல காலை வைப்பேன்!" பக்கத்து வீட்டுக்காரர் இன்றுவரை என்னைப் பார்த்தால், "இன்னா நைனா, காகிதம் போட்டாச்சா?" என்கிறார்.

மறுபடியும் சொல்கிறேன், கேட்டுக்கொள். கீழ்க்கட்டளை பிரஸ்ஸில் இருபத்தாறு வருடம் லேபிள் வரைந்தவன் நான். எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் தூரிகை பிடிக்கச் சொல்லித்தரவில்லை. மண்ணெண்ணெய் டின்னையும் பிஸ்கட் டப்பாவையும் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். சேவல் மார்க் சோப்புத்தூள் சேவல் நான் வரைந்தது. முதலாளி மகன் சிட்டிபாபு கம்ப்யூட்டர் வாங்கினான், அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. சோப்புத்தூள் பாக்கெட்டை அகலப்படுத்தினார்கள், அதற்கும் சரி என்றேன். ஆனால் என் சேவலின் இரண்டு பக்கத்தையும் பிடித்து அந்தத் திரையில் அகலமாக இழுத்தானே! வாத்துக்குக் கொண்டை வைத்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் கொடு, புது அளவுக்கு வேறு சேவல் வரைகிறேன் என்றேன். அவன் சொன்னது: "ரெண்டு நாளா? ரெண்டு செகண்டு வேலை சார் இது. ஜனங்க சோப்பைப் பாக்குதா, கோழியைப் பாக்குதா?"

தூரிகைகளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போகச் சொல்கிறாய். போக மாட்டேன். அவன் அந்தச் சேவலிடம் கேட்கட்டும், பிறகு பார்க்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய பேப்பரில் ஒரு விளம்பரம். வெளிநாட்டுக்கு மசாலாவும் ஊறுகாயும் அனுப்பும் நிறுவனமாம். பெட்டிகளும் உறைகளும் வடிவமைக்க ஆள் தேவையாம். "தமிழ் எழுத்துகளை அழகாக அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும்" என்று போட்டிருக்கிறான், பச்சை! அழகாக என்ற வார்த்தையை வேலை விளம்பரத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை. நிறுவனத்தின் பெயர் கிடையாது. பேப்பர் ஆபீசின் பெட்டி எண் மட்டும் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் "ரெஸ்யூம்" அனுப்ப வேண்டும். பயோடேட்டாவுக்குத்தான் இப்போது அப்படிப் பெயராம்.

அனுப்பப்போகிறேன். நீ சொன்னதற்காக இல்லை.

இப்படிக்கு,
நான்

---

அரக்கோணம்
9-6-1993

ரமா அப்பாவுக்குப் பச்சையம்மா எழுதுவது.

நான் சொன்னதற்காக இல்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு என் தம்பி பெண்டாட்டி சிரித்த சிரிப்பில் பால் பொங்கிவிட்டது.

உங்களுக்கு ரெஸ்யூம் எழுத நேரமாகும் என்று எனக்குத் தெரியும். கோடு சரியில்லை, மை சரியில்லை என்று மாதத்தை ஓட்டிவிடுவீர்கள். அதனால் தம்பி அரிகிருஷ்ணன் ரயில்வே ஆபீஸ் டைப்பிஸ்ட்டிடம் சொல்லி ஒரு பயோடேட்டா அடித்து வாங்கி வந்திருக்கிறான். இதோடு வைத்திருக்கிறேன். கீழே ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் முடிந்தது. "அக்கா, மாமா இதையாவது ஒழுங்கா அனுப்புவாரா, இல்ல இதுலயும் பூ வரைஞ்சுகினு உக்காருவாரா?" என்று கேட்கிறான். அவனிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். கவர் மேலே விலாசம் எழுதுவதும் அவன்தான். கட்டிய நாளிலிருந்து உங்கள் பெயரைச் சொன்னதும் இல்லை, எழுதியதும் இல்லை என்பதால், கடிதம் எழுதிவிட்டு அவன் டூட்டி முடிந்து வரும்வரை கவரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

பச்சையம்மா

---

பொழிச்சலூர்
12-6-1993

பச்சை,

உன் தம்பி அனுப்பியது பயோடேட்டாவா, காணாமல் போனவன் பற்றிய போலீஸ் அறிவிப்பா? உயரம், எடை, இடது முழங்கையில் மச்சம்! மச்சத்தைப் பார்த்தா ஊறுகாய் லேபிள் வரையச் சொல்வார்கள்? அதிலும் எல்லாம் ஒரே அளவு எழுத்து. என் இருபத்தாறு வருட வேலையும் மச்சமும் ஒரே கனத்தில் இருக்கின்றன. எதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், எதை மெல்லச் சொல்ல வேண்டும் என்று தெரியாத தாள் அது.

ஒன்று கேள். கணக்கெழுதுகிறவன் தன் ரெஸ்யூமை எப்படி அடித்து அனுப்பினாலும் பரவாயில்லை. வடிவமைக்கிறவனுக்கு அந்தத் தாளே முதல் வேலை. உள்ளே "நான் நன்றாக வடிவமைப்பேன்" என்று எழுதிவிட்டு, தாள் அசிங்கமாக இருந்தால் எவன் நம்புவான்? இது எனக்கு ஐந்து நாள் முன்பு காலையில் பல் விளக்கும்போது தோன்றியது. பிரஷ்ஷோடு ஓடிவந்து எழுதிவைத்தேன், பல் பிரஷ்ஷோடு.

நானே செய்திருக்கிறேன். இதோடு நகல் வைத்திருக்கிறேன், பார். பெரிய தாள். என் கையால் வெளிவந்த நாற்பது லேபிள்களையும் சிறிதாக்கி வரைந்து சுற்றிலும் ஒட்டியிருக்கிறேன். சாம்பிராணி, அப்பளம், ஊதுபத்தி, எலிமருந்து, எதையும் விடவில்லை. ஏழு நிறம். நடுவில் பொன்னிறத்தில் "அனுபவம்" என்று வளைத்து எழுதியிருக்கிறேன். சண்டை போட நீ இல்லாததால் கை நன்றாக ஓடுகிறது. ஒரே தொல்லை விமானம்தான். தலைக்கு மேலே இறங்கும்போது மேஜை அதிர்கிறது. வழக்கம்போலத் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது மீனம்பாக்கத்தில் இறங்கித் தொலையும்வரை காத்திருந்துதான் வரைந்தேன்.

பார்த்துவிட்டு எழுது. குறை இருக்காது.

இப்படிக்கு,
நான்

---

அரக்கோணம்
15-6-1993

ரமா அப்பாவுக்கு,

குறை இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய தாளைச் சமையல்கட்டு ஜன்னலில் மாட்டிவிட்டு, கறிகாய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். கண் எலிமருந்துக்குப் போனது. எலியின் வாலைப் பிடித்துக்கொண்டு அப்பளத்துக்குப் போனது. அங்கிருந்து சாம்பிராணிப் புகைக்குள் போய் மாட்டிக்கொண்டது. உங்களை எங்கேயும் காணோம். பண்டிகைக்கு முந்தின நாள் பல்லாவரம் சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. என் தம்பி பெண்டாட்டி, "இன்னா அண்ணி, மாமா எலிமருந்து கடை போடப்போறாரா?" என்றாள். கோபப்படாதீர்கள், அவள் உள்ளதைச் சொல்கிறவள்.

நான் லேபிள் வரைகிறவள் இல்லை. ஆனால் நீங்கள் வரைந்ததையெல்லாம் கடையில் போய் வாங்குகிறவள் நான்தானே? கடையில் நிற்கும்போது பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்தால் மூன்று விஷயம்தான் பார்ப்பேன். உள்ளே என்ன இருக்கிறது? எனக்கு எதற்கு உதவும்? கெட்டுப்போகாமல் இருக்குமா? பிடித்திருந்தால்தான் திருப்பிப் பார்ப்பேன். அந்தக் கம்பெனிக்காரர் மேஜையிலும் இப்படி நூறு கவர் வந்து கிடக்கும். அவரும் என்னை மாதிரி அவசரத்தில்தான் எடுப்பார். நாற்பதைக் காட்டினால் ஒன்றையும் பார்க்க மாட்டார். நல்லதாக நாலைக் காட்டுங்கள்.

எலிமருந்தைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். சாப்பாட்டுச் சாமான் விற்கிறவர்களுக்கா எலியை அனுப்புவது?

பச்சையம்மா

---

பொழிச்சலூர்
18-6-1993

பச்சை,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப்போட்டேன். பிறகு ஒட்டவைத்து மறுபடி படித்தேன். நீ சொன்ன எதையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லாமல், எனக்கே சொந்தமாக ஒரு யோசனை வந்திருக்கிறது. கேட்டால் குதிப்பாய். ரெஸ்யூமை எதற்குத் தாளில் செய்ய வேண்டும்? அவர்களுக்கு வேண்டியது பெட்டி செய்கிறவன். பெட்டியாகவே செய்துவிட்டேன்! உள்ளங்கையில் அடங்கும் மசாலாப் பெட்டி. ஒரே அட்டையில் வெட்டி மடித்தது. பசை கிடையாது. மூடியின் நாக்கைச் செருகினால் தானே பூட்டிக்கொள்ளும். இந்த மடிப்பைப் பிடிக்க ஒரு ராத்திரி முழுக்க ஆயிற்று. பதினோரு டம்மி, அதாவது மாதிரிப் பெட்டி, பாழ். வீடெல்லாம் அட்டைத் துணுக்கு. பெருக்க ஆள் இல்லை.

முன்பக்கம், உள்ளே இருப்பது: "லேபிள் ஓவியர், ஒருவர். இருபத்தாறு ஆண்டு ஊறியது." வலது பக்கம், சேர்க்கப்பட்ட பொருள்கள்: "எழுத்து, நிறம், அளவு. பொறுமை சிறிதளவு. கல்லூரிப் பட்டம் கலக்கப்படவில்லை." இடது பக்கம், பயன்படுத்தும் முறை: "வேலையைக் கொடுத்துவிட்டு விலகி நிற்கவும்." மூடியைத் திறந்தால் உள்ளே நான்கு லேபிள்கள், தீப்பெட்டி அளவில், ஒன்றன் பின் ஒன்றாக மடித்து வெளியே வரும். நான்குதான். நாற்பது அதிகம் என்று எனக்கே தோன்றிவிட்டது. எலிமருந்து இல்லை. கெட்டுப்போகும் நாள்: "இன்னும் முடிவாகவில்லை." ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆங்கிலத்திலும் போட்டிருக்கிறேன். உன் தம்பியிடம் ஆங்கிலத்தை மட்டும் சரிபார்க்கச் சொல். அபிப்பிராயம் வேண்டாம்.

பின்பக்கம் லேபிள் முறைப்படி தயாரிப்பாளர் கட்டம். அடிப்பக்கத்தில் ஒரு எச்சரிக்கை: "சேவலை அகலத்தில் இழுக்கக் கூடாது."

டம்மியைத் தட்டையாக்கி அனுப்பியிருக்கிறேன். கோடு போட்ட இடத்தில் மடி. மடித்ததும் மேஜையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார். என்னால் உட்காரவே முடியவில்லை, பச்சை. காலையிலிருந்து எழுந்து எழுந்து அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
நான்

---

அரக்கோணம்
21-6-1993

ரமா அப்பாவுக்கு,

மடித்தேன். நாக்கு "டப்" என்று உள்ளே போய் உட்கார்ந்தபோது நான் கையைத் தட்டிவிட்டேன். தம்பி, அவன் பெண்டாட்டி, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு தரம் திறந்து மூடினார்கள். தம்பி, "யக்கா, மாமா கில்லாடிக்கா!" என்றான். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன்.

உள்ளே என்ன, எதற்கு உதவும், கெட்டுப்போகுமா. மூன்றும் இருக்கிறது. உங்கள் சொந்த யோசனை அருமை.

நீங்கள் கேட்காவிட்டாலும் குறை சொல்கிறேன். ஈரக்கையோடு எடுத்தால் சிவப்பு ஒட்டுகிறது. மேலே ஏதாவது பூசுங்கள். "விலகி நிற்கவும்" என்பது வேலை கேட்கிறவர் பேசுகிற பேச்சாக இல்லை. அதைக்கூடப் போனால் போகிறது என்று விடலாம். அடியில் இருக்கிற சேவல் எச்சரிக்கையைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். பழைய இடத்துச் சண்டையைப் புது இடத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற ஆள் என்று நினைப்பார்கள். அவர்களுக்குச் சேவல் கதை தெரியுமா? உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அந்த ஒரு வரி வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பின்பக்கத்து வெள்ளைக் கட்டம். எல்லாப் பக்கமும் பேசிவிட்டு அந்த இடத்தில் கொஞ்சம் சும்மா இருப்பது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. அதைத் தொடாதீர்கள்.

சீக்கிரம் அனுப்புங்கள்!

பச்சையம்மா

---

பொழிச்சலூர்
24-6-1993

பச்சை,

போய்விட்டது! இன்று காலை முதல் தபால் கட்டிலேயே போகும்படி பம்மல் தபாலாபீசில் நின்று சேர்த்தேன். அங்கே இருக்கிறவர், "இன்னாது இது, பலகாரமா?" என்று குலுக்கிப் பார்த்தார். குலுக்காதே ஐயா, உள்ளே என் பிழைப்பு இருக்கிறது என்றேன்.

சிவப்புக்கு மேலே வார்னிஷ் பூசினேன். கூடவே விண்ணப்பக் கடிதம் எதுவும் வைக்கவில்லை. பெட்டியே பேசும்போது கடிதம் எதற்கு? கவர் மேலே பேப்பர் ஆபீஸ் பெட்டி எண்ணை மட்டும் நடுவில் பெரிதாக எழுதினேன். பார்த்தவர்கள் கை கூசித்தான் பிரிப்பார்கள்.

சேவல் வரியை எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். இழுக்கிற இடமாக இருந்தால் எனக்கு அந்த வேலை வேண்டாம். அது அவர்களுக்கு முதலிலேயே தெரியட்டும்.

காகிதம் போட்டாகிவிட்டது. நீ போட்ட நிபந்தனை உனக்கு நினைவிருக்கும். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

இப்படிக்கு,
நான்

---

அரக்கோணம்
27-6-1993

ரமா அப்பாவுக்கு,

ஊருக்குப் புறப்படத் துணியெல்லாம் மடித்துவைத்துவிட்டேன். தம்பி உங்கள் டம்மிப் பெட்டியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். திடீரென்று கேட்டான்: "யக்கா, இதுல மாமா பேரு எங்கக்கா கீது?"

முன்பக்கம் பார்த்தோம். பின்பக்கம், அடிப்பக்கம், மூடிக்குள்ளே, நாக்கின் மேலே. எங்கேயும் இல்லை. பெயரும் இல்லை, விலாசமும் இல்லை.

அனுப்பிய பெட்டியிலாவது எழுதினீர்களா? எழுதியிருப்பீர்கள். கடிதம் வைக்கவில்லை என்றீர்களே, கவர் மேலாவது அனுப்புநர் என்று ஒரு ஓரத்தில் எழுதினீர்களா? எழுதியிருப்பீர்கள்தானே? இல்லையென்றால் இன்றைக்கே இன்னொரு கடிதம் அதே பெட்டி எண்ணுக்குப் போடுங்கள். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அந்த வெள்ளைக் கட்டம் அழகாக இருக்கிறது என்று எழுதினேனே, நானே எழுதினேனே! உங்கள் பெயர் இல்லாதது எனக்கு எப்படித் தெரியும்? அது என் கண்ணில் பட்டே பழக்கமில்லையே.

பச்சையம்மா

---

பொழிச்சலூர்
30-6-1993

பச்சை,

எழுதவில்லை.

உன் கடிதம் வந்ததும் மேஜைமேல் இருந்த இன்னொரு நகலைத் திருப்பினேன். வெள்ளைக் கட்டம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எப்படி விட்டேன் என்று கேட்பாய். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு லேபிளிலும் அந்தக் கட்டத்தை நான் காலியாகத்தான் விட்டிருக்கிறேன். சோப்புக்காரன், அப்பளக்காரன், அந்தப் பார்ட்டியின் பெயரும் விலாசமும் கடைசியில் அச்சுக் கோக்கிறவர் கொண்டுவந்து ஒட்டுவார். என் வேலை கட்டத்தைச் சுற்றிக் கோடு போடுவதோடு முடிந்தது. கை அதன் பழக்கப்படி கோடு போட்டது, விட்டது, வார்னிஷும் பூசிவிட்டது. இந்தத் தடவை அந்தப் பார்ட்டி நானே என்று கைக்கு யார் சொல்வது? கவரின் ஓரத்தில் அனுப்புநர் எழுதலாம் என்று நினைத்தேன். நடுவில் இருந்த எண்ணின் அமைப்பு கெட்டுவிடும்போல் இருந்தது. விட்டுவிட்டேன்.

இன்னொரு கடிதம் போடு என்கிறாய். மாட்டேன். "ஐயா, அந்த அழகான பெட்டியை அனுப்பிய முட்டாள் நான்தான்" என்று ஒரு கார்டில் எழுத வேண்டுமா? கடைக்குப் போய்விட்ட சரக்கின் பின்னாலேயே ஓடி லேபிள் ஒட்டுகிறவனை நான் பார்த்ததில்லை. பெட்டி பேசவேண்டியதைப் பேசியிருந்தால் அவர்கள் தேடட்டும். பேசவில்லை என்றால் பெயர் இருந்து என்ன ஆகிவிடப்போகிறது?

பேப்பரையும் நிறுத்திவிட்டேன். பிரித்தால் கண் அந்த விளம்பரப் பக்கத்துக்கே போகிறது.

சிட்டிபாபு ஆள் அனுப்பியிருந்தான். மன்னிப்புக் கேட்டால் வரலாமாம். வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். மடித்த துணியை நீ பிரித்துவைத்துக்கொள்.

இப்படிக்கு,
நான்

---

அரக்கோணம்
5-7-1993
அவசரம்!

ரமா அப்பாவுக்கு,

முதலில் விஷயம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாம்பரம் சானிடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே ஏற்றுமதி வளாகத்துக்குள் குறிஞ்சி ஃபுட்ஸ் என்ற கம்பெனிக்குப் போகிறீர்கள். அருள்மேரி என்ற அம்மாவைப் பார்க்கிறீர்கள். வெள்ளைச் சட்டை பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது.

இப்போது நிதானமாகச் சொல்கிறேன். நிதானம் எங்கே வருகிறது! நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் உங்களைத் தேடி விளம்பரம் வந்திருக்கிறது. "மசாலாப் பெட்டி வடிவில் விண்ணப்பம் அனுப்பியவர் பெயர், முகவரி குறிப்பிடவில்லை. திங்கள் மாலைக்குள் தொலைபேசியில் தொடர்புகொள்ளவும்." நீங்கள் பேப்பரை நிறுத்திவிட்ட வீராதி வீரர்! கடிதம் போட்டால் புதன்கிழமைதான் வரும். தம்பி ராத்திரி டூட்டிக்குப் போனவன் இன்னும் வரவில்லை. இன்று காலை நானே ஸ்டேஷன் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன்.

அந்த அம்மாதான் எடுத்தார். "பெட்டி அனுப்புனவங்க வூட்லேர்ந்து பேசறேங்க" என்றேன்.

"அப்படியாம்மா? காலையிலேர்ந்து மூணு பேரு அது நான்தான்னு போன் பண்ணிட்டாங்க. நீங்க நாலாவது. பெட்டிக்கு அடியில என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க பாப்போம்."

"சேவலை அகலத்துல இழுக்கக் கூடாதுன்னு எழுதிகீது. அதை எடுங்க எடுங்கன்னு நான் காலுல விழுந்தேம்மா. கேக்கலையே அந்த மனுசன்!"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "உங்க காலுல விழணும்மா நான். அந்த ஒரு வரிக்காகத்தான் இவரைத் தேடறோம். போன வாரம் எங்க மிளகாய்ப் படத்தை ஒருத்தர் இழுத்துப் பூசணிக்காயாக்கிட்டாரு. சரி, சாரோட பேரு சொல்லுங்க."

"ரமாவோட அப்பா" என்றேன்.

"ரமா யாரும்மா?"

"எங்க பொண்ணு. நெல்லூருல கட்டிக் குடுத்துகீது."

"சந்தோஷம்மா. அப்பா பேரு?"

மீட்டரில் சிவப்பு எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. பூத்துக்காரரிடம் ஜாடை காட்டலாம் என்று திரும்பினால் அவருக்கும் உங்கள் பெயர் எப்படித் தெரியும்? பின்னால் நின்ற ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "யம்மா, சீக்கிரம்மா! நானும் பேசணும்ல" என்கிறார். அந்த அம்மா, "ஹலோ, இருக்கீங்களா?" என்கிறார். வைத்துவிடுவாரோ என்று பயம் வந்தது. கட்டிவந்த நாளிலிருந்து சொல்லாததை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னேன்.

"சுப்பராயலு."

"லைன் சரியில்லைம்மா. கொஞ்சம் சத்தமா!"

"சுப்பராயலு! சுப்பராயலுங்க! பொழிச்சலூர் சுப்பராயலு!"

பூத்து கண்ணாடிக் கதவெல்லாம் அதிர்ந்தது. வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?

இதை இப்போதே தபாலில் சேர்த்தாக வேண்டும். தம்பிக்காகக் காத்திருக்க முடியாது. கவர் மேலே விலாசத்தை நானே எழுதுகிறேன். சொல்லியாகிவிட்டது, எழுதினால் என்ன?

வெள்ளிக்கிழமை, பத்து மணி. பெயரைக் கேட்டால் சொல்லுங்கள்.

பச்சையம்மா

---

பொழிச்சலூர்
9-7-1993

பச்சை,

நன்றாகத்தான் இருக்கிறேன். புதன்கிழமை தபால்காரர் கவரைக் கொடுத்தபோது, யார் எழுத்து இது என்று முதலில் புரியவில்லை.

இன்று போய்விட்டு வந்தேன். அந்த அம்மாவின் மேஜையில் என் பெட்டி இருந்தது. ஆபீசில் எல்லாரும் திறந்து திறந்து மூடியதில் நாக்கு தளர்ந்துபோயிருந்தது. "பேரைப் போட மறந்துட்டீங்களே, சார்?" என்றார். மறக்கவில்லை, பார்ட்டி விலாசம் எப்போதும் கடைசியில்தான் வரும் என்றேன். எழுந்து நின்று சிரித்தார்.

"ஒண்ணு சொல்லுங்க சார். நூத்திருபது ரெஸ்யூம் வந்துச்சு. எல்லாரும் என்னென்ன தெரியும்னு எழுதியிருக்காங்க. வாங்கறவங்க எப்படிப் பாப்பாங்கன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தோணிச்சு?"

எனக்கே தோன்றியது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "என் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், கடைக்குப் போகிறவள்" என்று வந்துவிட்டது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. இதைப் பெரிதுபடுத்தாதே.

கம்ப்யூட்டர் தெரியுமா என்றார். தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன், சேவலை இழுக்கிற கருவியை நான் தொட மாட்டேன் என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் காலை மிதித்திருப்பாய். அந்த அம்மா பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்து வரியை இன்னொரு தரம் படித்தார். பிறகு கம்ப்யூட்டர் பார்க்கிற ஐசக் என்பவரைக் கூப்பிட்டு, "இனிமே எதையாவது இழுக்கறதுக்கு முன்னாடி இவரைக் கேளுங்க" என்றார். ஐசக்குக்கு முகம் சுண்டிவிட்டது. பூசணிக்காய் அவர் வேலைதானாம்.

திங்கட்கிழமை சேர வேண்டும். முதல் ஆறு மாதம் பார்ப்பார்களாம். பார்க்கட்டும், நானும் அவர்களைப் பார்க்கிறேன். முதல் வேலை எலுமிச்சை ஊறுகாய். வரும் வழியில் பல்லாவரத்தில் இறங்கி எலுமிச்சம்பழம் வாங்கி வந்து மேஜையில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் மஞ்சள் சூடாக இருக்கிறது, மறுபக்கம் பச்சை ஓடுகிறது. எந்தப் பக்கத்தை முன்னால் வைப்பது என்று நீ வந்து சொல். சொன்னாலும் என் இஷ்டப்படிதான் வரைவேன்.

இன்னொன்று. ஆபீஸ் ஃபைலுக்கு வேறொரு பெட்டி வேண்டுமாம், இந்த முறை கட்டத்தை நிரப்பி. மாலையில் மை கலக்கி உட்கார்ந்தேன். என் பெயரை நான் லேபிள் எழுத்தில் எழுதியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று தாள் கெட்டது. பக்கத்தில் உன் கவர் கிடந்தது.

உன் எழுத்தில் குறைகள் நிறைய. "சு" தேவைக்கு மேல் பெரிது. "ப்ப" நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. "ரா"வின் கால் கீழே இறங்கி அடுத்த வரியை இடிக்கிறது. மொத்த வரியும் வலது பக்கம் மேலே ஏறிப் போகிறது. திருத்தலாம் என்று தூரிகையை நனைத்தேன். விமானம் வந்தது. தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது இறங்கிப் போய் வெகுநேரம் கழித்தும் தூக்கியபடியே இருந்தேன். பிறகு தூரிகையைக் கழுவி வைத்துவிட்டேன்.

கவரிலிருந்து அந்தத் துண்டை அப்படியே வெட்டிக் கட்டத்தில் ஒட்டினேன். அளவெடுத்து எழுதியது போலப் பொருந்திவிட்டது.

பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் பல்லாவரம் ஸ்டேஷனில் இருப்பேன். உனக்காக இல்லை, அந்தப் பக்கம் அட்டை வாங்கும் வேலை இருக்கிறது. கூட்டமாக இருக்கும். என்னைக் காணாவிட்டால் கூப்பிடு.

இப்படிக்கு,
சுப்பராயலு